சிற்பம் படிக்கத் தொடங்குகிறேன்: களியா, பிளாஸ்ரரா, மரமா, எதில் முதலில் கை வைப்பது?

கோண்டாவில் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரத்தில் சித்திரம் எடுத்து இப்போது நுண்கலை முதல் வருடம். வரைவதில் எனக்குப் பயம் இல்லை, பென்சிலும் நீர்வர்ணமும் சின்ன வயதில் இருந்தே பழக்கம், ஆனால் அடுத்த அரையாண்டில் சிற்பம் தொடங்குகிறது, அதில் ஒன்றுமே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சன்லைட் சோப்பில் மீன் வெட்டியதோடு சரி. யூடியூப்பில் பார்த்தால் எண்ணெய்க் களி, சிலிக்கன் ரப்பர், எப்பொக்சி, மின்சூளை என்று போகிறார்கள். இங்கே கடையில் கேட்டால் "கொழும்பில இருந்து எடுப்பிக்க வேணும் பிள்ளை" என்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வீட்டில் எனக்கு இருப்பது ஒரு விறாந்தையும் பின் வளவில் கொஞ்ச இடமும். சூளை கிடையாது. வகுப்பு தொடங்க முன்னம் கையைப் பழக்கிக்கொள்ள ஆசை. எதில் தொடங்கலாம், என்ன ஆயுதம் வேணும், எதை வாங்கவே கூடாது என்று செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். நீட்டி எழுதினாலும் வாசிப்பேன்.

மண்கை:
களி தங்கச்சி. வேறு யோசனையே வேண்டாம்.

எண்ணெய்க் களி நல்ல பொருள்தான், காயாது, ஆனால் தொடக்கக்காரருக்குத் தேவையில்லை. சாதாரணக் களிமண்ணில் பிழைத்தால் தண்ணீர் தெளித்துத் திருத்தலாம், காய்ந்து போனாலும் உடைத்து ஊறப்போட்டால் திரும்பக் களியாகிவிடும். சுடாத வரைக்கும் அதே களியை வருடக்கணக்காகப் பாவிக்கலாம். அதனால் சூளை இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் ஆறு மாதம் எதையும் சுடவே வேண்டாம். செய், நாலு பக்கமும் நின்று படம் எடு, உடை, திரும்பச் செய். செய்ததை எல்லாம் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள்தான் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

எங்கே எடுப்பது என்றால், வளவுச் செம்மண் சரிவராது. பிடித்தால் பிடிபடும், உருட்டி வளைத்தால் உடையும். வன்னிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் வயல் களியோ குளத்தோரக் களியோ ஒரு உரப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். சட்டி பானை வனைபவர் யாரையும் தெரிந்தால் அவரிடமே கேளுங்கள், எந்த மண்ணோடு எதைக் கலப்பது என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்கு ஒருவருக்கும் தெரியாது. களி நல்லதா என்று பார்க்கப் பென்சில் மொத்தத்தில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் காணும்.

கொண்டுவந்த களியை ஈரமாக இருக்கும்போதே ஊறப்போடக் கூடாது, கட்டி கட்டியாக நிற்கும். முதலில் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, அடித்து நொறுக்கி, பிறகு வாளியில் தண்ணீர் விட்டு ஊறவிட்டால் தானே கரையும். கரைந்ததை அரித்து, பழைய வேட்டியில் கட்டித் தூக்கித் தண்ணீரை வடியவிடுங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைய வேண்டும். ரொட்டிக்கு மா குழைப்பது போல மடித்து மடித்துக் குழைத்தால் உள்ளே காற்றுத்தான் போகும். உள்ளங்கையால் முன்னுக்குத் தள்ளி, திருப்பி, திரும்பத் தள்ளி, ஒரே சீராக வரும்வரை செய்யுங்கள். கம்பியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஓட்டை இருக்கிறதா என்று தெரியும்.

ஆயுதம் கடையில் வாங்க வேண்டாம். மூங்கிலில் இரண்டு மூன்று கத்தி சீவிக்கொள்ளுங்கள், ஒன்று கூர், ஒன்று தட்டை, ஒன்று வட்ட நுனி. சைக்கிள் ஸ்போக்கை வளைத்து மரப்பிடியில் கட்டினால் களி சுரண்டும் வளையம் ரெடி. பழைய சைக்கிளின் ஹப்பைப் பலகையில் பொருத்தினால் சுழல்மேசை. இந்தச் சுழல்மேசையை மட்டும் தவறவிடாதீர்கள். ஓவியம் படித்த பிள்ளைகள் எல்லாரும் முன்பக்கத்தை மட்டும் வடிவாகச் செய்து பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள், கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் திருப்பு என்று கை பழகிவிட்டால் அந்தப் பிரச்சினையே வராது.

ஊமற்கரி:
அண்ணை ஒரு கேள்வி. நான் களியில் சின்ன முகம் ஒன்று செய்து, வளவில் குழி வெட்டி ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) சிரட்டையும் உமியும் போட்டு எரித்தேன். வெடிக்காமல் நல்ல சிவப்பாக வந்தது. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் கன்னத்தில் சிப்பி சிப்பியாகக் கழன்று விழுந்திருக்கிறது, ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. காற்றுக்குமிழி என்கிறார்கள், உண்மையா?

மண்கை:
காற்று இல்லைத் தம்பி, அது சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக்கல்தானே, இங்கத்தை மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பருக்கை எப்போதும் இருக்கும். தீயில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும், பிறகு காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி ஊதும், மேலே இருக்கிற சுட்ட களியைத் தள்ளிவிடும். அதனால்தான் சுட்ட அன்றைக்குத் தெரியாமல் நாள் கழித்துக் கழன்றது. அரிப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

காற்றுக்குமிழி வெடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். வெடிக்கச் செய்வது பெரும்பாலும் உள்ளே நிற்கிற ஈரம். 100 பாகையில் நீராவியாகி வெளியே வர வழி இல்லாவிட்டால் துண்டு துண்டாகும். தடித்த உருவத்தில் ஈரம் உள்ளே கன நாள் நிற்கும். ஆகவே சுடப்போகிற உருவத்தைத் தோல் பதத்தில் (பாதி காய்ந்து, வளையாமல் ஆனால் வெட்டக்கூடியதாக இருக்கும்போது) இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, சுவரை ஒரு விரல் மொத்தத்துக்குக் கொண்டுவந்து, விளிம்புகளைக் கீறி, களிக்குழம்பு பூசித் திரும்ப ஒட்ட வேண்டும். எங்காவது மறைவாக ஒரு துளை விடுங்கள். நிழலில் கிழமைக்கணக்கில் காயட்டும். காது, மூக்கு நுனி, விரல் போன்ற மெல்லிய இடங்கள் முதலில் காய்ந்து வெடிக்கும், அவற்றை ஈரத்துணியால் மூடி வைத்து உடம்போடு சேர்ந்து காயவிடுங்கள். இன்னொன்று, உள்ளே கம்பி வைத்துச் செய்த களியைச் சுட முடியாது. களி காயும்போதே பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும், கம்பி சுருங்காது.

தேர்முட்டியடி:
பிள்ளை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோயில் வாகனமும் தேர்ச் சிற்பமும் செய்கிறோம். களியில் தொடங்கச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் களி மட்டும் செய்த கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும், பிழைத்தால் ஒட்டலாம் என்று. மரத்தில் வெட்டியது வெட்டியதுதான். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பழகுங்கோ. சின்னத் துண்டு போதும், ஒரு சாண் நீளம், முதலில் புடைப்பாக ஒரு தாமரை அல்லது ஒரு இலை.

வேலியில் நிற்கிற முள்முருக்கு மென்மை, உளி சுகமாக இறங்கும், ஆனால் கெதியில் பூச்சி பிடிக்கும், பழகிப் பார்க்க மட்டும். வேம்பு நல்ல மரம். தேருக்கு நாங்கள் இலுப்பையும் தேக்கும் பாவிப்போம். முதிரை, பாலை இரண்டையும் இப்போது தொடாதீர்கள், இரும்பு மாதிரி இருக்கும், உளி திரும்பும், மனம் விட்டுப்போகும். பனை நார் நாராகப் பிரியும், நுணுக்க வேலைக்கு ஆகாது. பச்சை மரத்தை வாங்கினால் இரண்டு வெட்டுமுகத்திலும் பெயின்ற் அடித்து நிழலில் போடுங்கோ, இல்லாவிட்டால் அந்த முகத்தில் இருந்துதான் வெடிப்பு ஓடும்.

ஆயுதம் மூன்று காணும்: ஒரு தட்டை உளி, பெரிதும் சிறிதுமாக இரண்டு நகவுளி (நகம் போல வளைந்த வாய் உள்ளது). தட்ட ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). காசு இருந்தால் நாலாவதாக உளி வாங்காதீர்கள், நல்ல தீட்டுக்கல் வாங்குங்கோ. எங்கள் பட்டறைக்குப் பழக வருகிற பொடியனுக்கு முதல் வேலை தீட்டுவதுதான். உளியின் சரிவு முழுதும் கல்லில் படிய வேண்டும், தூக்கித் தீட்டினால் நுனி உருண்டுபோகும். கையில் உள்ள மயிரை மழிக்கிற அளவுக்கு வந்தால்தான் மரத்தில் வைக்க விடுவோம். மொட்டை உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அமத்தித் தள்ள வேண்டி வரும், வழுக்கும். மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கமே வெட்டுங்கோ, எதிர்த்து வெட்டினால் பிய்ந்து வரும். மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பிறகு அளவு. கண்ணால் பார்த்துச் செய்வது பிறகு வரட்டும், முதலில் தாளக் கணக்கைப் பழகுங்கோ. நெற்றி மயிர் எல்லையில் இருந்து நாடி வரை ஒரு தாளம், அது 12 அங்குலம். நவதாளம் என்றால் ஒன்பது தாளம், 108 அங்குலம். உத்தம தசதாளம் பத்துத் தாளத்தில் பெரிய வகை, 120க்கு மேல் நாலு கூடி 124. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். இந்த அங்குலம் கடையில் விற்கிற அடிமட்டத்து அங்குலம் இல்லை, செய்கிற உருவத்துக்குள்ளேயே பிறக்கிற அளவு, அதனால் சாண் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் ஒரே கணக்கு.

மூன்றாம் வருடம்:
தேர்முட்டியடி ஐயா சொன்னதில் மரமும் உளியும் நூற்றுக்கு நூறு, அளவு விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மாணவர் முதலில் கணக்கைப் பழகினால் உயிருள்ள ஆளை இருத்திச் செய்யும்போதும் அந்தக் கணக்கையே திணிக்கிறார்கள். மூக்கு எல்லாம் ஒரே மூக்கு, எல்லா முகமும் சுவாமி முகம். முதலில் வீட்டில் அப்பம்மாவை இருத்தி அவவின் முகத்தைச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். கன்ன எலும்பு எங்கே தொடங்குகிறது, கண் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு கலிப்பரால் அளந்து அளந்து. கலிப்பர் இல்லாவிட்டால் இரண்டு தகரத் துண்டை ஒரு ஆணியில் பொருத்தினால் சரி.

புதிதாக வருபவர்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வகுப்பில் மனித உடல் ஏழரைத் தலை என்பார்கள். அது உச்சந்தலையில் இருந்து நாடி வரை உள்ள முழுத் தலை. தாளத்தில் எண்ணுவது முகம் மட்டும், மயிர் எல்லையில் இருந்து. இரண்டையும் கலந்தால் உருவம் பனைமரம் மாதிரி நீளும். உரோமபுரிக் கட்டடக்கலைஞர் விட்ரூவியசும் முகம் உயரத்தில் பத்தில் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறார், அது தசதாளத்துக்குக் கிட்ட வருகிறது.

கோண்டாவில் பிள்ளைக்கு இன்னொன்று. தலையோ நிற்கிற உருவமோ செய்வதானால் களிக்கு முதல் உள்கூடு வேணும். பலகையில் ஒரு இரும்புக் குழாயை நிமிர்த்தி இறுக்கி, ஜிஐ கம்பியை (துருப்பிடிக்காமல் நாகம் பூசிய கம்பி) வளைத்துக் கட்டி, தலைக்கு உள்ளே இரண்டு சின்ன மரத்துண்டைச் சிலுவையாகக் கட்டுக்கம்பியில் தொங்கவிடுங்கள், களி வழுகிக் கீழே வராமல் அது தாங்கும். கம்பி எப்போதும் கை காலின் நடுவில் ஓட வேண்டும், செய்து போகும்போது முழங்கையில் கம்பி எட்டிப் பார்த்தால் திருத்துவது பெரும் பாடு. டெகா என்ற பிரெஞ்சு ஓவியர் மெழுகுச் சிற்பங்களுக்குள் தூரிகைக் காம்பு, போத்தல் தக்கை எல்லாம் வைத்துக் கூடு கட்டியிருந்தார். 1917 இல் அவர் இறந்தபோது பட்டறையில் ஏறக்குறைய 150 உருவங்கள் கிடந்தன, பல உடைந்த நிலையில். பெரிய கலைஞன்தான், ஆனால் கூட்டை அவரைப் போல் கட்டாதீர்கள்.

தேர்முட்டியடி:
தம்பி, எல்லா முகமும் சுவாமி முகம் என்று குறையாகச் சொன்னீர். கொழும்பு நூதனசாலையில் பொலன்னறுவைக் காரைக்கால் அம்மையாரைப் பார்த்திருக்கிறீரா? கணக்குத் தெரிந்தவன் செய்த வெண்கலம்தான் அது. எலும்பு தெரிகிற உடம்பு, வற்றின முலை, ஆனால் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கணக்கு அவன் கையைக் கட்டவில்லை.

மூன்றாம் வருடம்:
பார்த்திருக்கிறேன் ஐயா, அதைப் பார்க்கவென்றே போயிருக்கிறேன். அந்த உருவத்தைச் செய்தவர் பட்டினி கிடந்த உடம்பைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிகிறது. கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கழுத்தெலும்பு வராது. சரி, இதில் நானும் நீங்களும் ஒத்துவரப் போவதில்லை. கோண்டாவில் பிள்ளை கொழும்புப் பக்கம் போனால் மற்றதெல்லாத்தையும் விட்டுவிட்டு அந்தக் கூடத்தில் அரை நாள் நின்று பின்பக்கங்களை வரையட்டும்.

பழைய ரீச்சர்:
பிளாஸ்ரர் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். களியில் செய்ததைச் சுடாமல் வைத்திருக்க மலிவான வழி அச்செடுத்து பிளாஸ்ரரில் வார்ப்பதுதான். சீலிங் வேலைக்கு விற்கிற பிளாஸ்ரர் பழகக் காணும். பை புதிதா என்று கேட்டு வாங்குங்கள், எங்கள் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடந்த பை சரியாக இறுகாது.

பிள்ளைகள் எல்லாரும் தூளில் தண்ணீரை ஊற்றுவார்கள். தண்ணீரை முதலில் எடுங்கள், தூளை விரலிடுக்கால் தூவுங்கள். தூள் மூழ்கி மூழ்கிப் போய், ஒரு கட்டத்தில் தண்ணீருக்கு மேலே தீவு தீவாக நிற்கத் தொடங்கும், அப்போது நிறுத்த வேண்டும். நிறையில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் வரும். ஒன்றிரண்டு நிமிடம் தொடாமல் ஊறவிட்டு, பிறகு கையை அடியில் வைத்து மெல்லக் கலக்குங்கள், மேலே அடித்துக் கலக்கினால் நுரை வந்து முகமெல்லாம் ஓட்டை. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் கட்டிவிடும், அதற்குப் பிறகு தண்ணீர் விட்டு இளக்கப் பார்க்க வேண்டாம், அந்தப் பிளாஸ்ரர் செத்துப்போனது. மிச்சத்தைக் குசினித் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துவிடும்.

முதல் அச்சு உடைப்பு அச்சாக இருக்கட்டும். களித்தலையைச் சுற்றி, உச்சியில் இருந்து காதுக்குப் பின்னால் கீழே வரை, சோடா ரின்னில் வெட்டிய தகடுகளை வரிசையாகக் குத்தி முன் பின் என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் பூச்சுக்கு உடுப்புக்குப் போடுகிற நீலம் கொஞ்சம் கலந்து மெல்லியதாக வீசி எறிந்து பூசுங்கள். அதன் மேல் தடிப்பான வெள்ளைப் பூச்சு. இறுகியதும் இரண்டு பாதியையும் கழற்றிக் களியை எடுத்துக் கழுவி, உட்புறம் சோப்புத் தண்ணீரை இரண்டு மூன்று தரம் பூசித் துடைத்து, திரும்ப இறுக்கிக் கட்டி, உள்ளே பிளாஸ்ரர் வாருங்கள். பிறகு மொட்டை உளியால் அச்சை உடைத்துக்கொண்டு வரும்போது நீலம் கண்ணில் பட்டால், இன்னும் ஒரு நூல் போனால் மூக்கு என்று தெரிந்துவிடும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நீலத்துக்குக் கீழே இருந்து தங்கள் சொந்த வேலை வெள்ளையாக வெளிவருவதைப் பார்க்க எனக்கு இப்பவும் ஆசை.

கோண்டாவில் பிள்ளை:
ரீச்சர், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். என் கையையே வாளியில் பிளாஸ்ரருக்குள் வைத்து அச்செடுக்கலாமா? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

பழைய ரீச்சர்:
வேண்டவே வேண்டாம் பிள்ளை. பிளாஸ்ரர் இறுகும்போது சூடாகும், மொத்தமாக இருந்தால் தோலைச் சுடும் அளவுக்குப் போகும், இறுகிவிட்டால் கையை வெளியே எடுக்கவும் முடியாது. 2007 இல் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருத்தி வகுப்பில் இப்படிச் செய்து கைவிரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். அந்த வீடியோக்காரர் பாவிப்பது பல்வைத்தியர் அச்செடுக்கிற அல்ஜினேற்றாக இருக்கும், அது வேறு. பார்த்துவிட்டு வீட்டில் தம்பி தங்கச்சிமாரும் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீமெந்து வேலை:
என் பங்குக்குச் சீமெந்து. இங்கே கோயில் மதில், சந்திச் சிலை எல்லாம் இப்போது பெரும்பாலும் இதுதான், படித்து முடித்த பிறகு உழைப்பும் இதில் வரும். கம்பிக்கூடு, அதன் மேல் கோழிவலை, அதன் மேல் ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல், கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பாக்கிச் செதுக்கி எடுப்பது. குறைந்தது ஒரு கிழமை ஈரச்சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஈரச் சீமெந்து தோலை அரிக்கும்.

நான் சொல்ல வந்தது உப்பு. கடற்கரை மணலை அள்ளிக் கலந்தாலும், உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலும், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விடக் கூடிய இடம் எடுக்கும், சீமெந்தை உள்ளே இருந்து பிளக்கும். புதிதாக வைத்த சிலைகளில் கணுக்காலிலும் நீட்டிய கையிலும் பழுப்பு ஒழுக்கோடு கோடு விழுந்திருக்கும், கவனித்துப் பாருங்கள், முக்கால்வாசி இந்தக் காரணம்தான். கழுவிய மணல், நல்ல தண்ணீர், கம்பிக்கு மேல் எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது சீமெந்து. ஊரில் ஒரு பெரியவருக்குச் சனம் காசு சேர்த்து வைக்கிற சிலை பத்து வருடத்தில் கை விழுந்து நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எங்கே கண்டாலும் எழுதுகிறேன்.

வடமராட்சிக் காற்று:
கல் கேட்பீர்கள் என்று நினைத்து: கருங்கல் குடாநாட்டில் இல்லை, கோயில்களுக்கும் வெளியில் இருந்துதான் வரும். பழகச் சுண்ணாம்புக்கல் போதும், வளவில் வெட்டி எடுத்த கல் எந்த ஊரிலும் கிடக்கும். கூர் உளியால் முரட்டு உருவம், பல் உளியால் அடுத்தது, தட்டை உளி கடைசி. கடற்கரையில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) எடுக்கப் போகாதீர்கள், தடை. என்ன கல் என்றாலும் கண்ணாடியும் முகமூடியும் போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலை செய்யுங்கள். கருங்கல் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது.

கோண்டாவில் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. முடிவு இது: களி. கிளிநொச்சியில் மாமா இருக்கிறார், வயல் களி கொண்டுவரக் கேட்டுவிட்டேன். முதலில் அம்மம்மாவின் முகம், அவ இருக்கச் சம்மதம். தேர்முட்டியடி ஐயா, கோபிக்க வேண்டாம், ஒரு வேம்புத் துண்டும் வெட்டுமுகத்தில் பெயின்ற் அடித்து நிழலில் போட்டிருக்கிறேன். களி அரிக்க எந்த அரிதட்டு? வீட்டில் இருப்பது மா அரிக்கிறது, அதைத் தொட்டால் அம்மா பேசுவா.

மண்கை:
மா அரிதட்டு வேண்டாம், அடைத்துக்கொண்டே இருக்கும். பழைய நைலோன் நுளம்பு வலையை இரண்டாக மடித்து வாளி வாயில் கட்டுங்கள், களியைக் கூழாகக் கரைத்து ஊற்றிக் கையால் மெல்லத் தடவிவிட்டால் இறங்கிவிடும். மேலே தங்குகிற வெள்ளைப் பருக்கையைத் திரும்ப வாளிக்குள் விழாமல் எடுத்து எறியுங்கள். மாமாவிடம் இரண்டு உரப்பையாகக் கேளுங்கள், ஆள் அளவுத் தலை ஒன்றுக்கே கனக்கக் களி பிடிக்கும்.